அவசர அழைப்புகள் மட்டும்

ரெபேக்கா ஊசி போட்டால் வலிக்காது என்று சரோஜினி நகரில் ஒரு காலத்தில் பெயர் இருந்தது. அரசுக் குடியிருப்பின் தமிழ் வீடுகளில் பாதிப் பேருக்கு இன்சுலின் போட்டுப் பழக்கிவிட்டவள் அவள்தான். இருபத்தோராவது வயதில், நாசரேத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, நர்சிங் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு தில்லிக்கு ரயிலேறினாள். தென் தில்லியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஓய்வூதியம் என்ற சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் யாரும் உச்சரித்ததில்லை.

கணவர் இஸ்ரவேல் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் புரை வந்தபின் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் காணிக்கைப் பை பிடிப்பார். அவர் தனக்கென்று போன் வைத்துக்கொள்ளவில்லை. "நான் எங்க இருப்பேன்? உன் கூடத்தான் இருப்பேன். எனக்கு என்னத்துக்குத் தனியா ஒண்ணு?" என்பார். ஒரே மகன் டேவிட்சன் பெங்களூரில் வேலையாக இருந்தான். தினமும் மாலை ஏழு மணிக்கு அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிடுவான்.

இருபத்திரண்டு வருடம் அவர்கள் குடியிருந்தது வைத்தி சாருக்கு ஒதுக்கப்பட்ட அரசு வீட்டின் பின்னால் இருந்த வேலைக்காரர் அறையில். வைத்தி சார் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். படுக்கையில் கிடந்த அவருடைய தாயாருக்குப் புண் துடைத்து, மலம் எடுத்து, மருந்து கொடுப்பதற்குப் பதிலாக அந்த அறை. இதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அரசு வீட்டை அப்படி விடுவதே விதிக்கு மாறு. ஆனால் ஆதார் அட்டை எடுத்தபோது யாரும் துருவிக் கேட்கவில்லை. அந்த விலாசமே அட்டையில் ஏறியது. போன் எண்ணும் அதே விலாசத்தில்தான் வாங்கினாள்.

பிறகு பழைய ப்ளாக்குகளை இடித்து அடுக்குமாடி எழுப்ப ஆரம்பித்தார்கள். வைத்தி சார் குடும்பம் கிட்வாய் நகரில் பதினோராவது மாடிக்குப் போனது. தாயார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார், அதனால் ரெபேக்காவின் தேவையும் முடிந்திருந்தது. ரெபேக்காவும் இஸ்ரவேலும் மூன்று சந்து தள்ளி, இன்னும் இடிபடாத ஒரு ப்ளாக்கின் பின் அறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன் வீடுகள் எல்லாம் காலி. கதவு, ஜன்னல், வாசலில் எண் எழுதிய பலகை வரை கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். சுற்றிலும் நீலத் தகரம் அடித்து, ஒரே ஒரு வாசலில் காவலாளி. இஸ்ரவேல் அவனோடு பீடியும் அரசியலும் பேசிச் சிநேகம் பிடித்ததால், இடிக்கும் நாள்வரை இருந்துகொள்ள விட்டான்.

ஏப்ரல் கடைசியில் போன் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. வாடிக்கையாளர் விவரங்களை மறுபடி சரிபார்க்கிறோம். சரிபார்ப்பு முடியாவிட்டால் முப்பது நாளில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், நாற்பத்தைந்து நாளில் உள்ளே வருவதும் நிற்கும், அறுபது நாளில் எண்ணே போய்விடும். சரிபார்க்க அனுப்பிய ஆள் பழைய விலாசத்துக்குப் போனான். அங்கே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. 'இந்த விலாசத்தில் இப்படி ஒருவரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். பாவம், அவன் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை.

ரெபேக்கா கம்பெனியின் கடைக்கு மூன்று முறை நடந்தாள். புது விலாசத்துக்குச் சான்று கொண்டு வா என்றார்கள். ஆதாரில் மாற்றப் போனால் அங்கேயும் சான்று கேட்டார்கள். வீட்டுக்காரர் கடிதம் போதும் என்றார்கள். வீட்டுக்காரர் யார்? இந்திய அரசு. அதனிடம் போய் உன் இடிபாட்டில் நான் குடியிருக்கிறேன் என்று கடிதம் கேட்க முடியுமா?

மே பதினெட்டாம் தேதி வைத்தி சார் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ருக்மிணி காப்பி கொடுத்தாள். ரெபேக்கா விஷயத்தைச் சொன்னாள். தன் வீட்டில் இவர்கள் தங்கியிருப்பதாக அவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியறது ரெபேக்கா," என்றார் வைத்தி சார். "ஆனா எனக்கு இன்னும் எட்டு மாசம் சர்வீஸ் இருக்கு. வெளியாளைத் தங்க வெச்சிருக்கேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். விஜிலன்ஸ்காரன் கையில மாட்டினா என் பென்ஷனே போயிடும்."

"ரெண்டு வரிதான் சார்."

"அந்த ரெண்டு வரிதாம்மா ஆபத்து."

கடைசிவரை மரியாதையாகவே பேசினார். லிஃப்ட் வரைக்கும் வந்து பொத்தானை அழுத்திக் கொடுத்தார். தன் தாயின் உடம்பைச் சாகும்வரை துடைத்த கைக்கு இரண்டு வரி எழுத மறுக்கும்போது மனிதர்களுக்கு எங்கிருந்தோ அபாரமான மரியாதை வந்துவிடுகிறது.

மே இருபத்தேழாம் தேதி வெளியே போகும் அழைப்பு நின்றது. அன்றே மறுபடி கடைக்குப் போய், "உள்ளே வர்றதையும் நிறுத்திருவீங்களா?" என்று கேட்டாள். கல்லாவில் இருந்தவன் தலை நிமிராமல், "இன்கமிங் எங்கேயும் போகாது ஆன்ட்டி, டென்ஷன் எடுக்காதீங்க," என்றான். ஏழு மணிக்கு டேவிட்சன் கூப்பிட்டான். மறுநாளும் கூப்பிட்டான். "பதினஞ்சாம் தேதி நான் வருது மம்மி. என் பேர்ல ஒரு சிம் வாங்கி தரேன். அதுவரை அட்ஜஸ்ட்," என்றான், தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் தமிழில். கடைக்காரன் சொன்னது சரிதான் என்று ரெபேக்கா நம்பினாள். பதினைந்து நாள் அப்படியே ஓடியது. அவளை யாரும் கூப்பிடலாம். அவள் யாரையும் கூப்பிட முடியாது.

ஜூன் பதினொன்று, நாற்பத்தைந்தாவது நாள். காலை பத்து மணிக்கு உள்ளே வரும் அழைப்பும் நின்றது. போன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோபுரக் குறியில் நாலு கோடும் முழுசாக நின்றன. கீழே, பதினைந்து நாளாக இருந்த அதே வரி: 'அவசர அழைப்புகள் மட்டும்.'

மதியம் இரண்டரை மணிக்கு இஸ்ரவேல் லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்து நாலு டிகிரி வெயிலில் யாருக்கும் வேர்க்கும். ஆனால் அந்த வேர்வை குளிர்ந்திருந்தது. தொட்டதுமே ரெபேக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏளா, ஒண்ணும் இல்ல. வெறும் வயித்துல வாளி தூக்குனது. வாயுப் பிடிப்பு."

"கைக்கு இறங்குதா?"

"இடது கைதான் கொஞ்சம் கடுக்கு. தாடையும்."

அவரைத் தாங்கி உள்ளே கொண்டுவந்து, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். தொண்ணூறுக்கு அறுபது. ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

"முழுங்காதீங்க. மென்னு தின்னுங்க."

"கசக்கு."

"கசக்கட்டும்."

எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது, அந்த நேரத்தில் எந்த மருந்து உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் இதயத்தின் எந்தப் பக்கம் சாகும் என்பதெல்லாம் அந்த அறையில் ஒருத்திக்குத் தெளிவாகத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி வண்டியில் பத்து நிமிடத் தூரம். வண்டிதான் வேண்டும்.

இரண்டு முப்பத்தெட்டுக்கு அவசர எண்ணை அழுத்தினாள். போகாது என்றுதான் நினைத்தாள். போனது. இரண்டாவது மணியிலேயே ஓர் ஆண் குரல் இந்தியில், "சொல்லுங்க, என்ன எமர்ஜென்சி?" என்றது. செத்த போன் பேசியதில் அவளுக்கு ஒரு கணம் கண் கலங்கியது.

"ஆண், அறுபத்திரண்டு வயசு. நெஞ்சு வலி, வேர்வை, பி.பி. இறங்குது. ஹார்ட் அட்டாக். நான் நர்ஸ், தம்பி. ஆம்புலன்ஸ் வேணும்."

"அச்சா, எங்கேர்ந்து பேசுறீங்க?"

"சரோஜினி நகர். உள்ள, இடிக்கிற ப்ளாக் பக்கம்..."

அவ்வளவுதான். கட்டாகிவிட்டது.

இங்கேதான் ரெபேக்கா ஒரு காரியம் செய்தாள். போனை ஸ்டூலின் மேல் வைத்தாள், சத்தத்தை முழுசாக ஏற்றினாள், கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நர்சிங் ஹோமில் ஒரே ஒரு தொலைபேசி. அதன் மேலே சுவரில் மேட்ரன் எழுதி ஒட்டிய ஒரு தாள்: சேதி சொன்னதும் போனை வை, டாக்டர் திரும்ப அழைப்பார், லைனை அடைக்காதே. அவள் சேர்ந்த இரண்டாவது மாதம், பதற்றத்தில் திரும்பத் திரும்ப எண்ணைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மலையாளப் பெண்ணால் டாக்டருடைய அழைப்பு உள்ளே வர முடியாமல் ஒரு குழந்தை போய்விட்டது. அந்தப் பெண்ணை அன்றே வெளியே தள்ளினார்கள். அதன்பின் இருபத்தெட்டு வருடம் ரெபேக்கா லைனை அடைத்ததே இல்லை. புதிதாக வந்த நர்சுகள் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

"என்ன சொன்னான்?" என்றார் இஸ்ரவேல்.

"கட்டாயிட்டு. இப்ப கூப்பிடுவாங்க."

"நீயே இன்னொரு தரம் அடியேன்."

"நான் அடிக்கிற நேரம் பாத்து அவங்க அடிச்சா? லைன் கிடைக்கலன்னு அடுத்த கேஸுக்குப் போயிருவாங்க. பேசாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க."

"உங்க மேட்ரன் சட்டத்த என் தலமாட்டுலயும் ஒட்டிட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

நிமிடங்கள் போயின. வாசலுக்கு ஓடிக் காவலாளியைக் கூப்பிடலாமா என்று எழுந்தாள். தகரவேலி வாசல் நானூறு அடி தள்ளி. இந்த நிலையில் இருக்கும் நோயாளியைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பதும் அவள் படித்த பாடம். வாசல்படியில் நின்று இரண்டு முறை கத்தினாள். பக்கத்து ப்ளாக்கில் காங்கிரீட் உடைக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண் நாடியில், ஒரு கண் போனில்.

"ஏளா," என்றார். "கூப்பிட்டாங்களா?"

"இப்ப வந்துரும்."

"டேவிட் ஏழு மணிக்குப் பேசுவான்லா. அவங்கிட்டச் சொல்லி பயங்காட்டாத."

இரண்டு நாற்பத்தொன்பதுக்கு அவர் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கையில் இருந்த நாடி நின்றது.

ரெபேக்கா அவரை இழுத்துத் தரையில் கிடத்தினாள். மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். முப்பது எண்ணி, மூச்சு ஊதி, கிடைத்த ஒரு நொடியில் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். இம்முறை பெண் குரல்.

"மேடம், இந்த எண்ணிலிருந்து ஏற்கெனவே ஒரு கால் பதிவாகியிருக்கு. நாங்க ஆறு தடவை திரும்ப அடிச்சோம். சேவையில் இல்லைன்னு வருது. விலாசமும் முழுசா இல்ல."

"போன் எம்பக்கத்துலதான் இருக்கு. ஒரு தடவைகூட அடிக்கல."

"உங்க நம்பர்ல இன்கமிங் மூடியிருக்கும் மேடம். இந்த மாதிரி போன்லேர்ந்து எங்களுக்கு நீங்க பேசலாம். நாங்க உங்களுக்குப் பேச முடியாது. கட்டானா நீங்கதான் திரும்பத் திரும்ப அடிக்கணும்."

ரெபேக்காவின் கை நிற்கவில்லை. பயிற்சியில் பழகிய ஆங்கிலத்திலேயே எண்ணினாள். ட்வென்டி த்ரீ. ட்வென்டி ஃபோர். அந்தப் பெண் லைனை விடாமல் வைத்துக்கொண்டு வழி கேட்டாள். ரெபேக்கா எண்ணுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வழி சொன்னாள். நீலத் தகரம். ஒரே வாசல். காவலாளி. மூன்றாவது சந்து. பின்பக்கம். அங்கே அந்தப் பெண் அதை ஓட்டுநருக்குச் சொன்னாள். எட்டு நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. ஆம், வந்துவிட்டது. முதல் தடவை கட்டானதுமே மறுபடி அடித்திருந்தால், பேசிக்கொண்டிருந்த மனிதரை வந்து ஏற்றியிருக்கும்.

வண்டியில் வந்தவன் குனிந்து பார்த்தான். அவள் அழுத்துகிற முறையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் கைகளைப் பிடித்து மெல்ல எடுத்தான். "போதும் சிஸ்டர்," என்றான்.

கல்லறையில் போதகர், கர்த்தர் குறித்த நேரத்தை மனிதன் மாற்ற முடியாது என்று பேசினார். இதைச் சொல்லித்தான் இந்த நாட்டில் எல்லாக் குழிகளையும் மூடுகிறார்கள். பிரசவத்தில் செத்தாலும் இதுதான், சாக்கடையில் விஷவாயு தாக்கிச் செத்தாலும் இதுதான். ரெபேக்கா ஜெபம் முடியும்வரை காத்திருந்தாள். அவரை மரியாதையாக ஓரமாக அழைத்துப் போனாள்.

"ரெண்டு முப்பத்தெட்டுக்கு ஒரு தரம் அடிச்சேன் ஐயா. ரெண்டு நாப்பத்தொம்பதுக்கு மறுபடி அடிச்சேன். நடுவுல உள்ள பதினோரு நிமிஷத்தையும் கர்த்தரா குறிச்சாரு?"

போதகர் அவள் தோளைத் தொட்டார். "துக்கத்துல பேசுற, மகளே."

"கணக்காத்தான் பேசுதேன்."

வைத்தி சாரும் ருக்மிணியும் வந்திருந்தார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ ரெபேக்கா? ஏதாவது வழி பண்ணியிருப்பேனே," என்றார் அவர். உண்மையாகவே வருந்தினார்.

"சொன்னேன் சார். மே பதினெட்டாம் தேதி. காப்பிகூடக் குடுத்தீங்க."

அறைக்குத் திரும்பியதும் டேவிட்சன் அந்தப் போனைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். "மம்மி, ஏன் ரீடயல் பண்ணலை? ஜஸ்ட் ஒரு பட்டன். சிம்பிள் திங்," என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ரெபேக்கா அவனைத் தேற்றவில்லை. அந்த ஒரு பட்டனைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

யார் மேல் வழக்குப் போடுவது? சரிபார்க்க வந்தவன் கண்ணால் கண்டதை எழுதினான். கம்பெனி விதிப்படி நாள் எண்ணியது. அவசர எண்ணில் இருந்தவர்கள் ஆறு முறை அடித்தார்கள். வைத்தி சார் தன் பென்ஷனைக் காப்பாற்றிக்கொண்டார். கடைக்காரன் ஒரு கிழவிக்கு ஆறுதல் சொன்னான். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் சரி. வீடு இல்லாதவளுக்கு விலாசம் இல்லை, விலாசம் இல்லாதவளுக்கு எண் இல்லை, எண் இல்லாதவளை யாரும் திரும்பக் கூப்பிட முடியாது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்து உலுக்கினாலும், அடுத்த கண்ணியைக் கேள் என்கிறது. ரெபேக்கா போன் கம்பெனியின் மேலதிகாரிகளுக்கு மூன்று பக்கம் எழுதினாள். உங்கள் புகார் எங்கள் வரம்பில் வராது என்று ஒரு வரி பதில் வந்தது.

மாதக் கடைசியில் பெங்களூருக்கு வந்துவிடும்படி டேவிட்சன் சொல்லிவிட்டுப் போனான். சரி என்றாள். அதுவரை தினமும் காலையில் போன் கம்பெனியின் கடைக்குப் போய் வரிசையின் ஓரம் நின்றாள். எண் நிறுத்தப்பட்டு வந்தவர்களை முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டாள். கையில் ஆதார் நகல், கண்ணில் அந்தத் திகைப்பு. ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். பலர் ஒதுங்கினார்கள். சிலர் பிச்சை கேட்கிறாள் என்று நினைத்துப் பையைத் துழாவினார்கள்.

"ஆன்ட்டி, கஸ்டமரைப் பயமுறுத்தாதீங்க," என்றான் கல்லாக்காரன்.

"நீ ஒருத்தருக்கும் சொல்லல. நானாவது சொல்லுதேன்," என்று அவள் தமிழிலேயே சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை.

ஒருநாள் சாணக்யபுரியில் வீட்டு வேலை செய்கிற ஒரு பீகார்ப் பெண், கடை வாசல்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். வீட்டில் மூச்சிரைப்புக்கார மாமியார். அதே சரிபார்ப்பு, அதே செய்தி.

"அவசர நம்பருக்குப் போகும்தானே தீதி?"

"போகும். ஆனா அவங்க உனக்குத் திரும்ப அடிக்க முடியாது. எடுத்ததும் முதல்ல இடத்தைச் சொல்லு, நோயை அப்புறம் சொல்லு. கட்டாச்சுன்னா காத்திருக்காதே. உடனே நீயே அடி."

"மறுபடி கட்டானா?"

"மறுபடி அடி."

"அப்பவும் கட்டானா? எதுவரைக்கும்?"

ரெபேக்கா பதில் சொல்வதற்குள் உள்ளே அந்தப் பெண்ணின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து ஓடினாள். இரண்டு நிமிடத்தில், கொண்டுபோன அதே காகிதங்களோடு திரும்பி வந்தாள். புது விலாசத்துக்குச் சான்று கேட்கிறார்களாம். வேலை பார்க்கிற வீட்டு மேடம் எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டாள்.

"கேட்டுப் பாரு," என்றாள் ரெபேக்கா.